நூற்று முப்பத்தேழு சென்டிமீட்டர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் உயரம் நூற்று முப்பத்தேழு சென்டிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர். அந்த இரண்டு மில்லிமீட்டரை யாராவது விட்டுவிட்டுச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். இத்தனை வருடமும் எனக்குச் சோறு போட்டது அந்த இரண்டு மில்லிமீட்டர்தான்.

அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். குவார்ட்டர்ஸில் வீடு கிடைத்து, நானும் என்னைவிட இரண்டு வயது சின்னவனான தம்பியும் அங்கேயே பிறந்து வளர்ந்தோம். அப்பா இருந்தது இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில். மற்றவர்கள் செய்து அனுப்பும் இரும்புச் சாமான்களை அளந்து பார்ப்பார். சரியாக இருந்தால் முத்திரை. மயிரிழை கூடினாலோ குறைந்தாலோ சிவப்புப் பெயின்ட். சிவப்புப் பெயின்ட் பட்டுவிட்டால் அது ரிஜெக்ட், அதற்கு மேல் பேச்சில்லை. யார் வந்து கெஞ்சினாலும் "அளவுன்னா அளவுதான்" என்பார்.

ஆனால் ஒன்று. எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும் முதலில் அதன் ஜீரோ சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். பொருளைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் அளக்கிற கருவியைச் சந்தேகப்பட வேண்டும் என்பது அவர் கட்சி. எங்களுக்குக் காய்ச்சல் வந்தால்கூடத் தெர்மாமீட்டரை முதலில் தன் கக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் வருவார். அதுவரைக்கும் நாங்கள் நடுங்கிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

ஆயுத பூஜைக்கு அவருடைய ஸ்டீல் டேப்புக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் படைப்போம். அன்றைக்கு அதைத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் டேப்பை எடுத்து, முதல் வேலையாக எங்கள் இருவரையும் சமையலறைக் கதவு நிலையில் நிற்க வைத்து அளப்பார். மரத்தில் கூரான கம்பியால் கோடு கிழிப்பார். இடது பக்கம் எனக்கு, வலது பக்கம் தம்பிக்கு. தம்பியின் கோடுகள் ஏணிப்படி மாதிரி மேலே போய்க்கொண்டிருந்தன. என்னுடையவை ஒன்றின் மேல் ஒன்று நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. எனக்கு ஒன்பது வயதாகும்போது தம்பி என்னைத் தாண்டிவிட்டான்.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? டேப்பைச் சந்தேகப்பட்டார். தொழிற்சாலையிலிருந்து இன்னொரு டேப்பைக் கொண்டு வந்து ஒத்துப் பார்த்தார். அதுவும் சரியாக இருந்ததும் குனிந்து, வாசற்படியின் இடது பக்கம் தேய்ந்து இறங்கிவிட்டதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தார். அம்மாவுக்கு வந்ததே கோபம்!

"பிள்ள வளரலன்னு நானும் ஒரு வருசமாச் சொல்லுதேன். நீங்க என்னடான்னா வாசப்படியைச் சந்தேகப்படுதீங்க. கிறுக்கா பிடிச்சிருக்கு உங்களுக்கு?"

அப்பா எழுந்து நின்றார். ரசமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

அதன் பிறகு ரயிலேறிப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எத்தனை தடவை போனோம் என்று கணக்கில்லை. கை எலும்பைப் படம் எடுத்தார்கள். நெஞ்சில் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டார்கள். என் கழுத்தின் இரண்டு பக்கமும் தோல் கொஞ்சம் அகலமாக இறங்கியிருக்கும், பின்னங்கழுத்தில் முடி ரொம்பக் கீழே தொடங்கும். அதை ஒவ்வொரு டாக்டரும் வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். "நான் என்ன கண்காட்சி மாடா?" என்று கேட்டதற்கு அம்மா தொடையில் கிள்ளினாள். கடைசியில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரச் சில வாரம் ஆயிற்று.

ஒரு லேடி டாக்டர் மேசை மேல் ஓர் அட்டையை வைத்தார். போட்டோவிலிருந்து புழு மாதிரித் துண்டு துண்டாக வெட்டி, ஜோடி ஜோடியாக ஒட்டியிருந்தது. இதற்குக் குரோமோசோம் என்று பெயர், எல்லாருக்கும் நாற்பத்தாறு இருக்கும், இந்தப் பெண்ணுக்கு நாற்பத்தைந்துதான் என்றார். கடைசி ஜோடியில் ஒன்றுதான் ஒட்டியிருந்தது, பக்கத்து இடம் காலி. டர்னர் சிண்ட்ரோம் என்றார். புத்தியில் குறை இல்லை. இதயமும் நன்றாக இருக்கிறது. ஆனால் உயரம் அதிகம் வராது, தானாக வயதுக்கு வர மாட்டாள், அதற்குக் கொஞ்சம் வளர்ந்ததும் மாத்திரை தரலாம், குழந்தை பிறப்பது கஷ்டம். எதையும் மறைக்காமல் சொன்னார். நீங்கள் செய்த தப்பு எதுவும் இல்லை என்றும் இரண்டு தடவை அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அப்பா அட்டையிலிருந்த காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "ஒண்ணு குறையுதுங்கீங்க. அப்போ எம் பிள்ள ரிஜெக்டா, டாக்டரம்மா?"

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. அப்பாவின் வேலை என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு சொன்னார்: "இந்தக் குறையோட உண்டாகிற கருவில பெரும்பாலானது பிறக்கிறதே இல்லைங்க. கரைஞ்சு போயிடும். உங்க பொண்ணு பிறந்திருக்கா, ஸ்கூலுக்குப் போறா, என் டேபிள்ல உட்கார்ந்துகிட்டு எங்கிட்டயே வாயாடறா. உங்க ஃபேக்டரியில இருக்கிறதைவிடக் கஷ்டமான இன்ஸ்பெக்‌ஷனைத் தாண்டித்தான் வந்திருக்கா."

திரும்பி வரும்போது ரயிலில் நல்ல கூட்டம். அம்பத்தூர் தாண்டியதும் அப்பா அம்மாவிடம், "கேட்டியா? பாஸாகி வந்த பிள்ளை இது" என்றார். ஆவடியில் இறங்குவதற்குள் அதையே நாலு தடவை சொல்லிவிட்டார். எனக்குப் பதினொரு வயது. குரோமோசோம் என்றால் என்னவென்று பிடிபடவில்லை. பாஸ் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பலகைகள் முளைக்க ஆரம்பித்தன. அடுப்பு மேடைக்கு முன்னால் ஒன்று. குழாயடியில் ஒன்று. அம்மாவின் தையல் மெஷினில் என் கால் மிதிக்கு எட்டாததால் மிதியின் மேலேயே ஒரு பலகையை ஸ்க்ரூ போட்டு முடுக்கினார் அப்பா. ஒவ்வொன்றின் கனத்தையும் அளந்து அடியில் எழுதி வைத்திருப்பார். பள்ளிக்கூடத்தில் கணக்கும் வரைபடமும் எனக்குத் தகராறுதான். எல்லா பிளாக்கும் ஒரே மாதிரி இருக்கும் குவார்ட்டர்ஸில் வழி தப்பி, யார் வீட்டிலோ நுழைந்து தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். ஆனால் அந்த மெஷினில் உட்கார்ந்தால் தையல், நூல் பிடித்தது போல நேராக ஓடும். பன்னிரண்டு வயதில் தம்பிக்கு நான் தைத்த டிரவுசரை அவன் கிழியும்வரை போட்டான்.

ஊர் சும்மா இருக்குமா? அடுத்த பிளாக்கில் ஓர் அத்தை, என்னைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவிடம், "இன்னாக்கா, உன் பொண்ணு இன்னும் வயசுக்கு வரலையா?" என்பாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் நானே சொன்னேன்: "வந்தா ஒங்களுக்குத்தான் அத்தே மொதல்ல தந்தி அடிப்போம். கவலப்படாம போய் சோத்த வடிங்க." அம்மா என்னை இழுத்துக்கொண்டு உள்ளே போய், திட்டுவதற்கு வாயைத் திறந்து, சிரித்து, பிறகு அழுதாள். பதினைந்து வயதில் மாத்திரை தொடங்கி, மாத்திரையால் அது வந்தபோது, பந்தல் போடலாமா என்று அம்மா ஆசையோடு கேட்டாள். மாத்திரைக்கு யாராவது மஞ்சள் நீர் ஊற்றுவார்களா என்றேன். விட்டுவிட்டாள். உளுந்தங்களி மட்டும் கிண்டி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றித் தந்தாள். நாலு பேரும் சாப்பிட்டோம்.

அதே வருடம் திருவேற்காட்டுக் கோவிலுக்குப் போகும்போது பூந்தமல்லியில் பஸ் மாறினோம். கண்டக்டர் என்னைக் காட்டி அம்மாவிடம், "பாப்பாவுக்கு அரை டிக்கெட்டாம்மா?" என்றார். அம்மா தலையை ஆட்டப் போனாள். நான் முந்திக்கொண்டு, "முழு டிக்கெட்டு குடுங்க. நான் பத்தாவது படிக்கிறேன்" என்றேன். அவர் நம்பவில்லை. நான் விடவில்லை. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "அரை டிக்கெட்டு வோணும்னு சண்ட போடறவங்களதான் பாத்துகினு கீறேன். முழு டிக்கெட்டுக்கு சண்ட போடறது நீதாம்மா ஃபர்ஸ்ட்டு" என்று கிழித்துக் கொடுத்தார். அந்த டிக்கெட்டை ரொம்ப நாள் ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்தேன்.

பள்ளிக்கூடம் முடிந்தது. ராணுவத்துக்கு உடுப்பு தைக்கும் ஒரு தொழிற்சாலையில் தையல் அப்ரென்டிஸாகப் பெண்களை எடுக்கிறார்கள் என்று அப்பா விண்ணப்பம் கொண்டு வந்தார். எழுத்துத் தேர்விலும் தையல் தேர்விலும் தேறிவிட்டேன். பிறகு மெடிக்கலுக்குக் கடிதம் வந்தது. அதில் கீழே ஒரு வரி: உயரம் நூற்று முப்பத்தேழு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது.

அந்த ஒரு வரியில் எங்கள் வீடு ஆடிப் போய்விட்டது. எனக்கு வேறு வேலை யார் தருவார்கள்? கடைகளில் என்னைப் பார்த்ததும், "அம்மாவ கூட்டிகினு வா பாப்பா" என்றுதான் சொன்னார்கள். கல்யாணம் செய்து அனுப்பும் யோசனையும் வீட்டில் யாருக்கும் இல்லை. என் காலில் நான் நிற்க வேண்டுமானால் அது இந்த வேலைதான்.

அப்பா ஒரு வாரம் காலையும் மாலையும் என்னை நிலையில் நிறுத்தி அளந்து, நோட்டில் எழுதினார். மனுஷன் காலையில் கொஞ்சம் உயரமாக இருப்பான், சாயங்காலம் கொஞ்சம் இறங்கிவிடுவான் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். காலையில் நூற்று முப்பத்தேழரைக்கு மேல். மாலையில் நூற்று முப்பத்தேழைத் தொட்டும் தொடாமலும் ஒரு மில்லிமீட்டர் மேலே. "எப்படிப் பாத்தாலும் பாஸ்" என்று நோட்டை மூடினார். ஆனால் அன்று இரண்டு வாய்க்கு மேல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மெடிக்கல் அன்று காலை அம்மா எனக்குத் தலை வாரி, உச்சந்தலையில் கொண்டை போட்டாள். கனமாக இருந்தது. தொட்டுப் பார்த்தால் உள்ளே தம்பியின் பழைய சாக்ஸ் உருண்டையாக இருக்கிறது! நான் குதித்தேன். "சும்மா இருட்டி, ஒரு பாதுகாப்புக்கு" என்றாள் அம்மா. அப்பா பார்த்தும் பார்க்காதது போல் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அளவுன்னா அளவு என்று வாழ்நாள் முழுவதும் சொன்ன மனுஷர் அன்று வாயைத் திறக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தொழிற்சாலை கேட்டில் இறங்கியதும் கொண்டையைப் பிரித்துச் சாக்ஸை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "பாஸானா நானாத்தான் பாஸாவணும். சாக்ஸு பாஸாக வேணாம்" என்றேன். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உள்ளே விண்ணப்பதாரர்களுக்கு மட்டும்தான் அனுமதி. அவர் வேப்பமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றார்.

காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்னவர்கள் கூப்பிட்டது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. பன்னிரண்டு பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு முன்னால் இருந்தவள் பூந்தமல்லிப் பெண், முஸ்லிம் வீடு, தலையில் துப்பட்டா போட்டிருந்தாள். என்னைவிட விரல் கனம்தான் உயரம். அவள் அத்தா தையல் கடை வைத்திருக்கிறாராம். "நீயும் குட்டைதானா, அப்பாடா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நேரம் போகப் போக நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மணிக்கும் நான் இறங்கிக்கொண்டிருக்கிறேன் என்று தெரியுமே.

உள்ளே சுவரோடு ஒட்டி உயரம் பார்க்கும் மரக்கம்பம் நின்றது. கம்பவுண்டர் ஒருவர் மேலிருந்து கட்டையை இறக்கி, அளவைச் சத்தமாகப் படிக்க, பக்கத்தில் ஒருவர் எழுதினார். பூந்தமல்லிப் பெண் போய் நின்றாள். "நூத்தி முப்பத்தாறு பாயிண்ட் நாலு. அன்ஃபிட்டு. நீ போலாம்மா." அவள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனாள். அவளுக்கே இந்தக் கதி என்றால் எனக்கு என்ன மிச்சம்?

நான் நின்றேன். கட்டை என் தலையில் வந்து உட்கார்ந்தது.

"நூத்தி முப்பத்தஞ்சு பாயிண்ட் மூணு. அன்ஃபிட்டு. அடுத்தது வாம்மா."

சாக்ஸை ஏன் எடுத்தேன், எதற்கு இந்த வீராப்பு என்று ஒரு நிமிடம் என்னை நானே சபித்தேன். ஆனால் கால் நகரவில்லை. ஒரு வாரமாக அப்பா அளந்திருக்கிறார். மாலையில்கூட நூற்று முப்பத்தேழுக்குக் கீழே நான் இறங்கியதில்லை. ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் எங்கே போயிற்று? அப்பா தப்பாக அளந்திருப்பாரா? எங்கள் அப்பாவா?

"ஜீரோ பாத்தீங்களா?" என்றேன்.

"இன்னாது?"

"அளக்கறதுக்கு முன்னாடி ஸ்கேலோட ஜீரோ சரியா இருக்கான்னு பாத்தீங்களான்னு கேக்கறேன்."

"இன்னாம்மா நீ, இத்தினியோண்டு இருந்துகினு எனுக்கே சொல்லித் தரியா? பத்து வருசமா இதுலதான் அளக்கறேன். நவுரு."

நான் நகரவில்லை. குனிந்து கம்பத்தின் அடியைப் பார்த்தேன். வாழ்நாளெல்லாம் பலகை மேல் நின்றவள் நான். பலகை இருந்த இடம் எனக்குத் தெரியாதா? கம்பத்தின் காலில் நாலு ஸ்க்ரூ ஓட்டை, வெறுமையாக. தரையில் சதுரமாக ஓர் இடம் மட்டும் அழுக்கேறாமல் வெளுத்திருந்தது. அந்தக் கம்பத்துக்கு ஒரு பலகை இருந்திருக்கிறது. ஆள் அதன் மேல் நிற்க வேண்டும், ஜீரோவே அதன் மேல்மட்டத்திலிருந்துதான் தொடங்கும். நாங்கள் எல்லாரும் பலகை இல்லாமல் தரையில் நின்றுகொண்டிருந்தோம்.

"இதுக்குப் பலக எங்க?" என்று கத்தினேன். கத்தத்தான் செய்தேன். பக்கத்து அறையிலிருந்து டாக்டரே எழுந்து வந்துவிட்டார்.

மூலையில் தண்ணீர்ப் பானை இருந்தது. பானைக்கு அடியில் ஒரு பலகை. ஈரத்தில் கறுத்துப் போயிருந்தாலும் அதன் மேல் வரைந்திருந்த இரண்டு பாதங்கள் பளிச்சென்று தெரிந்தன. நான் விரலை நீட்டினேன். கம்பவுண்டர் பானையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மோட்டுவளையைப் பார்த்தார். எத்தனை வருடமாக அது அங்கே கிடந்ததோ, யாருக்குத் தெரியும்? அந்த அறைக்கு வந்தவர்கள் எல்லாம் விளிம்பில் நிற்காதவர்கள். இரண்டு சென்டிமீட்டர் போனால் அவர்களுக்கு என்ன?

டாக்டர் நல்ல மனுஷர். தானே குனிந்து பலகையை வைத்துப் பார்த்தார், அச்சாகப் பொருந்தியது. டேப் வாங்கி, பலகையிலிருந்து அளந்து ஜீரோவையும் சரிபார்த்தார். பிறகு என்னை ஏறச் சொன்னார். நான் அந்தப் பாதங்களின் மேல் என் பாதங்களை வைத்தேன். கட்டை இறங்கியது. அவரே படித்தார்: "நூத்தி முப்பத்தேழு, ரெண்டு மில்லி. ஃபிட்."

நான் இறங்கினேன். "சார், எனக்கு முன்னாடி ஒரு பொண்ண அன்ஃபிட்டுன்னு அனுப்பிட்டாங்க. அவளுக்கும் இதே கணக்குத்தான்."

"சரிம்மா, லெட்டர் போட்டு..."

லெட்டராவது ஒன்றாவது! நான் ஓட ஆரம்பித்தேன். கேட்டைத் தாண்டி நான் ஓடி வருவதை அப்பா பார்த்தார். அவர் முகம் செத்துப் போனது. "இருங்கப்பா, வர்றேன்" என்று கத்திவிட்டு அவரைத் தாண்டி பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். பூந்தமல்லி பஸ் வந்து நின்றிருந்தது. அவள் படியில் ஒரு காலை வைத்துவிட்டாள். துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். "எறங்குடி! நீ பாஸு!" பைத்தியத்தைப் பார்ப்பது போல் பார்த்தாள். இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினேன். நூற்று முப்பத்தெட்டு, மூன்று மில்லி. பிற்பாடு இருபது வருடத்துக்கு மேல் அடுத்தடுத்த மெஷினில் உட்கார்ந்து, எங்கள் இருவரின் மார்பு வரை வரும் சிப்பாய்க் கால்சட்டைகளைத் தைத்துத் தள்ளினோம். ஆறடி ஆண்பிள்ளைகள் நாங்கள் தைத்ததைப் போட்டுக்கொண்டு எல்லையில் நின்றார்கள். அது எனக்குப் பெருமைதான். ஏன் மறைக்க வேண்டும்?

கையில் சீட்டோடு நான் வெளியே வந்தபோது அப்பா அதே மரத்தடியில் நின்றார். மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னேன். சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார். நன்றாகச் செய்தாய் என்றோ, சந்தோஷம் என்றோ சொல்லவில்லை.

"ஏட்டி, ஸ்கேலைச் சரி பண்ணிட்டாங்களா?" என்றார்.

"பலகைய ஸ்க்ரூ போட்டு முடுக்கற வரைக்கும் பக்கத்துலயே நின்னேன்."

அப்பா தலையை ஆட்டினார். கர்ச்சீப் என்று நினைத்துச் சட்டைப் பையிலிருந்து தம்பியின் சாக்ஸை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சொல்லவில்லை.

என்னைப் பின்னால் உட்கார வைத்துச் சைக்கிளை மிதித்தார். குவார்ட்டர்ஸ் திருப்பத்தில் ஷிப்ட் முடிந்து வந்த அவர் கூட்டாளிகள் வழியை மறித்து, "என்ன அண்ணாச்சி, மெடிக்கல் என்னாச்சு? பொண்ணு பாஸா?" என்று கேட்டார்கள்.

அப்பா ஒரு காலை ஊன்றிச் சைக்கிளை நிறுத்தினார். "பாஸ் கிடக்கட்டும். எம் பிள்ள அவங்க ஸ்கேலையே ரிஜெக்ட் பண்ணிட்டு வந்துருக்கா" என்றார்.